சிறுவர் சைக்கிள்: எடையும் விலையும்

அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள பெல்பாஸ்ற் நகரிலே ஜோன் பொயிட் டன்லொப் என்னும் மிருக வைத்தியர் ஒருவர் வாழ்ந்துவந்தார். ஸ்கொத்லாந்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர். 1887 ஆம் ஆண்டில் அவருடைய மகனிடம் ஒரு முச்சக்கர வண்டி இருந்தது. அக்காலத்துச் சில்லுகளைச் சுற்றித் திண்மமான இறப்பர்ப் பட்டையே பூட்டப்பட்டிருக்கும். கல் பதித்த வீதிகளிலே அவ்வண்டி உருளும்போது ஒவ்வொரு கல்லின் அடியும் ஏறியிருக்கும் பிள்ளையின் முதுகெலும்பு வரை சென்று சேரும். பிள்ளை முறையிட்டான், தகப்பனார் வண்டியைக் கூர்ந்து பார்த்தார்.

அவர் செய்த சோதனை எளிமையானது. மரத்தால் ஒரு வட்டத் தட்டைச் செய்து, மெல்லிய இறப்பர்க் குழாய் ஒன்றை அதன் விளிம்பிலே துணிகொண்டு இறுக்கி, காற்றடைத்தார். பின்னர் அதனையும் மகனுடைய வண்டியின் சில்லையும் தமது முற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டார். வண்டிச் சில்லு பாதி வழியிற் சோர்ந்து சாய்ந்தது. காற்றடைத்த தட்டோ முற்றத்தின் மறுகோடி வரை ஓடி மோதித் திரும்பியது. 1888 இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1889 மே மாதத்தில் வில்லியம் ஹியூம் என்னும் ஓட்டவீரர் அத்தகைய ரயர் பூட்டிய சைக்கிளில் ஏறிப் பெல்பாஸ்ற் பந்தயங்களில் வெற்றிமேல் வெற்றி பெற்றபோது, அதுவரை அந்தத் தடித்த ரயரைக் கண்டு நகைத்தவர்கள் வாய் மூடினர். உண்மையில் இதே எண்ணத்தை 1845 ஆம் ஆண்டிலேயே றொபேட் தொம்சன் என்னும் இன்னொரு ஸ்கொத்லாந்தியர் பதிவு செய்திருந்தார் என்பது பின்னர் தெரியவந்து, டன்லொப்பின் காப்புரிமை செல்லாதாயிற்று. ஆயினும் உலகத்தின் வீதிகளிலே காற்று ரயரை ஓடவைத்தது அந்த முற்றத்துச் சோதனைதான். அதன் பயனை நமது நாடும் அறியும். 1876 ஆம் ஆண்டில் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து ஏறத்தாழ 1,900 இறப்பர் நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் வளர்க்கப்பட்டன. அப்போது இறப்பருக்கு இத்துணைப் பெரிய தேவை எழும் என்று எவர் கண்டார்? முதலிற் சைக்கிளும் அதன் பின் மோட்டாரும் கேட்ட ரயர்களே நமது தாழ்நில மலைச்சாரல்களை இறப்பர்த் தோட்டங்களாக்கின.

இவ்வாறு சைக்கிளின் வரலாற்றில் மிகப் பெரிய திருத்தம் ஒரு பிள்ளையின் வலியிலிருந்தே பிறந்தது. ஆனால் அத்திருத்தத்தையும் அதற்குப் பின்வந்த திருத்தங்களையும் வளர்ந்தவர்களே முதலில் அனுபவித்தனர். பிள்ளைக்கெனச் செய்யப்படும் சைக்கிள் பிள்ளையின் உடலை அளந்து செய்யப்படுவதற்கு இன்னும் நூறாண்டுக்கு மேலாயிற்று. இன்று ஐரோப்பிய நகரங்களின் கடைகளிலே ஐந்து வயதுப் பிள்ளைக்குரிய பதினாறங்குலச் சில்லுச் சைக்கிள் இருவகையாக விற்கப்படுகின்றது. ஒன்று 100 அல்லது 150 யூரோவுக்குக் கிடைக்கும் உருக்கு வண்டி. மற்றது ஏறக்குறைய 400 யூரோ விலையுள்ள இலேசான அலுமினிய வண்டி. இரண்டு ஆண்டிற் கால் நீண்டு கைவிடப்படும் ஒரு பொருளுக்கு மூன்று மடங்கு விலை கொடுப்பது தகுமா என்று பெற்றோர் தயங்குவது இயல்பே. அத்தயக்கத்துக்கு விடை காண, சிறுவர் சைக்கிள் ஏன் கனத்தது என்பதை முதலில் அறிதல் நன்று.

ஆதியிலே எல்லாச் சைக்கிளும் கனத்தவையே. 1817 ஜூன் 12 ஆம் திகதி ஜேர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து கார்ல் டிரைஸ் என்பவர் ஓட்டிச்சென்ற மரவண்டிக்கு மிதியே கிடையாது. காலால் நிலத்தை உந்தியே ஓட்டவேண்டும். அதன் எடை ஏறத்தாழ 22 கிலோ. பின்னர் 1860 களில் பாரிசில் மிதி சேர்ந்தது. முன்சில்லு ஆளுயரம் வளர்ந்தது. 1885 இல் கொவென்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்ராலி ஏறத்தாழச் சமமான இரு சில்லுகளும் சங்கிலியும் கொண்ட 'றோவர்' வண்டியைச் செய்து, இன்றைய உருவத்தை நிலைநிறுத்தினார். அதன் பிறகே எடையைக் குறைக்கும் போட்டி தொடங்கியது. 1897 இல் பேர்மிங்ஹாம் நகரத்து ஆணித் தொழிற்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்த அல்பிரட் றெயினோல்ட்ஸ், இருமுனையிலும் தடித்து நடுவில் மெலிந்த உருக்குக் குழாய் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். குழாய்கள் ஒன்றோடொன்று பொருந்தும் மூட்டிலேதான் பலம் வேண்டும். நடுவிலே வேண்டியதில்லை என்பதே அம்முறையின் நுட்பம். 1935 இல் அதே கம்பனி '531' எனப்படும் மங்கனீசு, மொலிப்தினம் கலந்த உருக்குக் குழாயை வெளியிட்டது. பந்தயவீரர்கள் பல தலைமுறையாக அதன்மேல் ஏறி வென்றார்கள்.

சிறுவர் வண்டிக்கு அக்குழாய் வரவில்லை. அதற்கு வாய்த்தது சாதாரணத் தடித்த குழாய். பிள்ளை விரைவில் வளர்ந்துவிடும். ஆதலால் நல்ல உலோகம் அதற்கு வீண் என்பது வணிகரின் கணக்கு. பெற்றோரும் அதையே எண்ணினர். பிழையென்று முற்றாகச் சொல்லிவிட முடியாத கணக்கு அது.

கனத்தைக் கூட்டிய மற்றொரு காரணம் அமெரிக்காவிலே தோன்றியது. 1890 களின் நடுப்பகுதியில் அந்நாட்டிலே சைக்கிள் மோகம் உச்சத்திலிருந்தது. பெயர்பெற்ற கொலம்பியா வண்டியின் விலை 100 டொலர். ஒரு தொழிலாளியின் பல வார ஊதியம். பத்தாண்டு முடியுமுன் மோகம் தணிந்தது, விலை சரிந்தது, பல கம்பனிகள் மூடப்பட்டன. பின் மோட்டார் வந்து வளர்ந்தவர்களைக் கவர்ந்துகொண்டது. எஞ்சிய கம்பனிகளுக்கு எஞ்சிய வாடிக்கையாளர் சிறுவர்கள் மாத்திரமே. சிறுவன் காசு கொடுப்பதில்லை. ஆனால் தகப்பனைக் கடைக்கு இழுத்துவரும் வல்லமை அவனிடம் உண்டு. எனவே அவன் கண்ணுக்கு விருந்து வைப்பதே தொழிலாயிற்று.

சிக்காகோ நகரத்து ஷ்வின் கம்பனி 1933 இல் பருத்த பலூன் ரயர் பூட்டிய வண்டியை வெளியிட்டது. ரயர் நல்லதுதான், கரடுமுரடான வீதியையும் நடைபாதை விளிம்பையும் அது தாங்கியது. அடுத்த ஆண்டு வந்த 'ஏரோசைக்கிள்' என்னும் வண்டியோ ஆகாயவிமானத்தையும் மோட்டார் சைக்கிளையும் கலந்து கண்ட கனவுபோல இருந்தது. மேற்குழாய்க்கும் கீழ்க்குழாய்க்கும் நடுவே ஒரு பெற்றோல் தாங்கி. ஆனால் அதனுள்ளே பெற்றோல் இல்லை. முன்னே விளக்கு, பொத்தானை அமுக்கினால் ஒலிக்கும் மணி, பளபளக்கும் தகடு. இவ்வலங்காரங்கள் எல்லாம் சேர்ந்தபோது அவ்வகை வண்டிகளின் எடை 50 இறாத்தலைக் கடந்தது. பத்து வயதுப் பையனின் எடையில் அது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். எந்திரமே இல்லாத வண்டிக்கு எரிபொருட் தாங்கி சுமந்த சிறுவர்கள் அதைச் சுமையென்று எண்ணவில்லை. அண்டை வீட்டுப் பையனிடம் இல்லாதது தன்னிடம் உண்டென்றே எண்ணினர். கண்ணைக் கவர்வதற்காகக் காலை வருத்தும் இப்பழக்கம் சிறுவர் சைக்கிளை விட்டு இன்றும் முழுதாக நீங்கவில்லை. மலிவு வண்டிகளிலே கதைப்பாத்திரங்களின் படம், பிளாஸ்ரிக் கூடை, பொம்மை இருக்கை, போலி அதிர்வுதாங்கி ஆகியன தொங்குவதைக் காண்பவர்கள் அந்தப் போலிப் பெற்றோல் தாங்கியின் பேரப்பிள்ளைகளையே காண்கின்றனர்.

1963 இல் அதே கம்பனி, கலிபோர்னியாச் சிறுவர்கள் தாமே செய்துகொண்ட மாற்றங்களைப் பார்த்து, 'ஸ்ரிங்-றே' என்னும் வண்டியைச் செய்தது. இருபதங்குலச் சில்லு, வாழைப்பழம்போல் நீண்ட இருக்கை, மாட்டுக் கொம்புபோல் உயர்ந்த கைபிடி. இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் நகரத்து றலி கம்பனி 1970 இல் 'சொப்பர்' என்னும் வண்டியால் அதற்குப் பதிலளித்தது. சிறிய முன்சில்லும் பெரிய பின்சில்லும் கொண்ட அவ்வண்டியின் பாரம் பின்புறமே சாய்ந்திருந்ததால், ஏற்றத்தில் முன்சில்லு மேலெழும் இயல்பு இருந்தது. 1972 இல் இருக்கையை முன்தள்ளித் திருத்தம் செய்தார்கள். கனத்திலும் அது குறைந்ததன்று. அப்படியிருந்தும் ஒரு தலைமுறை அதைக் காதலித்தது. 2023 இல் றலி அவ்வண்டியை மீண்டும் 950 பவுண் விலையில் வெளியிட்டபோது வாங்க முந்தியவர்கள் சிறுவர்கள் அல்லர். 1970 களில் அதைக் கேட்டு அழுது கிடைக்கப்பெறாத, நரைவிழுந்த பிள்ளைகள்.

நமது ஊர்களின் கதை வேறு. யாழ்ப்பாணத்துச் சிறுவனுக்குத் தனியாகச் சிறுவர் சைக்கிள் என்று ஒன்று பல காலம் இருந்ததில்லை. தகப்பனாரின் றலி அல்லது ஹம்பர் வண்டியே அவனுக்கும் வண்டி. 40 இறாத்தலுக்குக் குறையாத அவ்விரும்பின் இருக்கைக்கு எட்டமாட்டாதவன், நடுப்பாருக்குக் கீழாற் காலை விட்டு, உடலை ஒரு பக்கம் வளைத்து, அரை மிதி மிதித்து ஒழுங்கையிலே ஓடிப் பழகினான். முழங்கால் தோலைப் பனையோலை வேலிக்கும் மணலுக்கும் கொடுத்தான். "நாமெல்லாம் அப்படித்தானே பழகினோம், இன்றைய பிள்ளைக்கு மட்டும் இலேசான வண்டி எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் உளர். அக்கேள்வியிலே நியாயமும் உண்டு, மறதியும் உண்டு. அவ்வாறு பழகியவர்களை நாம் காண்கிறோம். இரண்டுமுறை விழுந்து, அஞ்சி, பின் அப்பக்கமே போகாதவர்களை நாம் கணக்கில் எடுப்பதில்லை. வண்டியைத் தொடவே விடப்படாத பெண்பிள்ளைகளையும் அக்கணக்கில் எவரும் சேர்த்ததில்லை.

இனி எடையின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஐந்து வயது நிறைந்த பிள்ளையின் நடுத்தர எடை ஆணாயினும் பெண்ணாயினும் ஏறத்தாழ 18 கிலோ. மலிவான பதினாறங்குல உருக்கு வண்டியின் எடை 9 கிலோ, 10 கிலோ என்று வரும். அதாவது பிள்ளையின் எடையிற் பாதி, அல்லது அதற்குச் சற்று மேல். எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதே விகிதத்தில் வண்டி கொடுத்தால் அது 35 கிலோவாகும். அத்தகைய வண்டியைக் காலையில் வீட்டுப் படியால் இறக்கி வேலைக்கு ஓட்டிச் செல்ல எத்தனை பேர் இசைவார்கள்? இலேசான வகையைச் சேர்ந்த பதினாறங்குல வண்டியோ ஐந்தரைக் கிலோ அளவிலே நிற்கின்றது.

ஆயினும் எடை எல்லாவிடத்தும் ஒரே அளவாக வருத்துவதில்லை. சமதரையில் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றரைக் கிலோ வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அங்கே ரயரின் உராய்வும் எதிர்க்காற்றுமே பகை. புறப்படும்போதும், நின்று மீண்டும் புறப்படும்போதும், ஏற்றத்திலும் எடை தன் முகத்தைக் காட்டும். பிள்ளையும் வண்டியும் சேர்ந்து 27 கிலோ. இலேசான வண்டியானால் 23½ கிலோ. ஏற்றத்தில் உயர்த்தவேண்டிய பாரத்திலே எட்டில் ஒரு பங்கு குறைகின்றது. இதனினும் முக்கியமானது, வண்டி சாய்ந்துபோகும் கணம். சாயும் வண்டியை ஒரு காலூன்றித் தாங்கி நிமிர்த்தும் வலிமை பிள்ளைக்கு இருந்தால் அவன் விழமாட்டான். விழுந்தாலும் தானே தூக்கி நிறுத்துவான். தூக்க முடியாத வண்டியை ஓட்டும் பிள்ளை எப்போதும் யாராவது ஒருவரை எதிர்பார்த்து நிற்கும்.

எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் ஒரு மயக்கம். பிள்ளையை உண்மையில் வருத்துபவை வேறு சில. விரல் எட்டாத பிறேக் கைபிடி ஒன்று. சிறு கையின் அளவைப் பாராமல் வளர்ந்தவரின் கைபிடியையே ஒட்டிச் செய்யப்பட்ட வண்டியில், பிள்ளை தன் முழுப் பலத்தையும் கொடுத்து இழுத்தாலும் சில்லு நிற்பதில்லை. அடுத்தது, மிதியைத் தாங்கும் கிராங்கின் நீளம். அது காலுக்கு மிஞ்சி நீண்டிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் மார்பை நோக்கி எழும். இரு மிதிகளுக்கும் இடையிலுள்ள அகலம் மிகுந்தால் பிள்ளை வாத்துப்போல் ஆடி ஆடி மிதிக்கும். இவற்றோடு, பிள்ளை வளர்வான் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கிக் கொடுக்கும் பெற்றோரின் சிக்கனமும் சேர்ந்துவிட்டால் வண்டி பிள்ளைக்கு வாகனமாக இராது, வழக்காகிவிடும். சட்டைக்கு இச்சிக்கனம் பொருந்தும், கையை மடித்துவிடலாம். சைக்கிளை மடித்துவிட முடியாது.

சட்டம் என்ன சொல்லுகிறதெனின், அதுவும் நாட்டுக்கு நாடு வேறுபடும். இருக்கை உயரம் 435 மில்லிமீற்றருக்கும் 635 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்ட சிறுவர் சைக்கிள்களுக்கு ஐ.எஸ்.ஓ. 8098 என்னும் சர்வதேச நியமம் உண்டு. அது உறுதியையும் பிறேக்கையும் கூர்முனைகளையும் பற்றிப் பேசும். வண்டி இலேசாக இருப்பது அதன் கவலையன்று. அமெரிக்காவிலே ஓரளவுக்கு மேல் உயர்ந்த இருக்கையுள்ள சிறுவர் வண்டிக்கு மிதியைப் பின்னோக்கி அமுக்கினால் நிற்கும் கால்பிறேக் கட்டாயம். பின்னோக்கி மிதியைச் சுழற்ற முடியாதபடியால், புறப்படுமுன் மிதியை வசதியான இடத்துக்குக் கொண்டுவருதல் பழகும் பிள்ளைக்குச் சிரமம். எடையும் சிறிது கூடும். ஆகவே ஒரு கம்பனியின் வண்டியே இரு நாடுகளில் இருவேறு எடையும் இயல்பும் உடையதாக இருக்கலாம். எடைக் கணக்கிலே வேறொரு தந்திரமும் உண்டு. சில கம்பனிகள் மிதிகளைக் கழற்றி வைத்துவிட்டு நிறுத்த எடையையே விளம்பரத்தில் அச்சிடுகின்றன. மிதி கழற்றிய பதினாறங்குல வண்டியை ஓட்டும் பிள்ளை எந்த ஊரிலும் இல்லை.

மிதியில்லா வண்டிக்கு உரிய இடம் வேறு. 1997 இல் ஜேர்மனியில் றோல்ப் மேர்ட்டென்ஸ் என்பவர் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளுக்கென மரத்தாலே 'லைக்-எ-பைக்' என்னும் ஓடுவண்டியைச் செய்தார். டிரைஸ் 180 ஆண்டுகளுக்கு முன் மான்ஹைமில் ஓட்டியதன் குட்டி வடிவமே அது. பக்கச்சில்லு பூட்டிய வண்டியிற் பழகும் பிள்ளை மிதிக்கப் பழகுகிறது, சமநிலையைப் பழகுவதில்லை. ஓடுவண்டியில் முதலிலேயே சமநிலை வந்துவிடுகிறது. சமநிலை வந்த பிள்ளைக்கு அடுத்ததாகக் கொடுக்கப்படும் வண்டி கனத்துக் கிடந்தால் கற்றது வீணாகுமே என்ற எண்ணம், இலேசான சிறுவர் சைக்கிளுக்கு ஒரு சந்தையைத் திறந்துவிட்டது.

அச்சந்தையில் முதலில் உறுதியாக நின்றவர் ஐலா றௌன்றி என்னும் ஆங்கிலப் பெண்மணி. சேற்றிலும் மேட்டிலும் நடக்கும் சைக்கிளோ-குரொஸ் பந்தயத்தில் தம் நாட்டின் வெற்றியாளராக விளங்கியவர். உறவினரும் நண்பரும் தம் பிள்ளைகளுக்கு நல்ல சைக்கிள் எதுவென்று கேட்டபோது காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமையைக் கண்டு, 2005 இல் லட்லோ நகருக்கு அருகே 'ஐலாபைக்ஸ்' என்னும் கம்பனியைத் தொடங்கினார். வேல்ஸ் எல்லையை அடுத்த மேடுபள்ளமான நாடு அது. எடையின் உண்மையை ஏற்றமே போதித்திருக்கும். அவர் செய்த புதுமை இலேசான உலோகம் என்பதோடு நிற்கவில்லை. பிறேக் கைபிடி, கிராங்கு, கைபிடியின் தடிப்பு என ஒவ்வொன்றையும் பிள்ளையின் அளவுக்குச் செய்வித்தார். 2013 இல் இங்கிலாந்திலே 'புறொக்' கம்பனியும் ஒஸ்திரியாவின் வியன்னா நகரிலே 'வூம்' கம்பனியும் எழுந்தன. வூமைத் தொடங்கிய கிறிஸ்ரியன் பெஸ்டெக்கா, மார்க்குஸ் ஈலென்பெல்ட் ஆகிய இருவரும் தம் பிள்ளைகளுக்கு ஏற்ற வண்டி தேடிச் சலித்த தகப்பன்மாரே. பெல்பாஸ்ற் மிருக வைத்தியரின் கதை 126 ஆண்டுகளுக்குப் பின் வியன்னாவில் மறுபடியும் நிகழ்ந்தது எனலாம்.

விலைக்கு வருவோம். ஒரு மாதிரிக் கணக்கு. 400 யூரோவுக்கு வாங்கிய இலேசான வண்டியை இரண்டு ஆண்டின் பின் பாதி விலைக்கு விற்றால் செலவு 200. 130 யூரோவுக்கு வாங்கிய மலிவு வண்டி அக்காலத்திலே துருவேறி, 30 யூரோவுக்குப் போனால் செலவு 100. உண்மையான வித்தியாசம் ஆண்டுக்கு 50 யூரோ. தம்பியோ தங்கையோ அதே வண்டியை ஓட்டினால் அதுவும் குறையும். இக்கணக்குச் சரிவருவதற்கு வாங்குவோர் இருக்கவேண்டும். இங்கிலாந்தில் ஐலாபைக்ஸ் வண்டிகள் பழையனவாகவும் நல்ல விலைக்குப் போயின. வூம் கம்பனியோ, ஒரு கட்டணம் செலுத்திச் சேர்ந்தவர்கள் பழைய வண்டியைத் திருப்பிக் கொடுத்து அடுத்த அளவை வாங்கும்போது, முன்பு கொடுத்த விலையில் நூற்றுக்கு 40 பங்கைத் திருப்பித் தரும் திட்டமொன்றை நடத்தியது.

ஆனால் இக்கணக்கிலே ஒரு முள் இருக்கிறது. இரண்டு ஆண்டின் பின் 200 யூரோ திரும்பி வரும் என்பது, முதல் நாளிலேயே 400 யூரோவை எடுத்து வைக்கக் கூடியவனுக்கே பொருந்தும். இல்லாதவன் 130 கொடுத்து, அது கெட்டபின் மறுபடி 130 கொடுப்பான். சிக்கனமும் செல்வனுக்கே எளிதாகக் கிட்டுகிறது. இதனை உணர்ந்தோர் ஐரோப்பாவில் இல்லாமலில்லை. ஐலா றௌன்றி 2016 இல், வண்டியை விற்காமல் வாடகைக்கு விட்டு, பிள்ளை வளர்ந்ததும் மீளப்பெற்றுப் புதுக்கி வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கும் முறையொன்றை ஆராயத் தொடங்கினார். 2014 இல் 'தூர் த பிரான்ஸ்' பந்தயம் இங்கிலாந்தின் யோர்க்சயரிலே தொடங்கியதை ஒட்டி, அம்மாகாணத்தில் சைக்கிள் நூலகங்கள் ஏற்பட்டன. மக்கள் நன்கொடையாகக் கொடுத்த பழைய வண்டிகளைத் திருத்தி, நூலகம் புத்தகம் கொடுப்பதுபோலச் சிறுவர்க்குக் கொடுத்து வாங்கினார்கள். இரண்டு ஆண்டுக்கு மாத்திரம் வேண்டிய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உரிமைமுறை வேறில்லை.

இலேசான வண்டியின் பக்கம் வாதாடுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு நாடு உண்டு. ஒல்லாந்துச் சிறுவர்களின் வண்டிகள் உருக்கினாலானவை. சேறுதாங்கி, சங்கிலிப் பெட்டி, பொதி தாங்கி, விளக்கு எல்லாம் பூண்டு கனத்திருப்பவை. எனினும் தினந்தோறும் சைக்கிளிற் பள்ளிக்குச் செல்லும் சிறுவர்கள் அந்நாட்டில் இருப்பதுபோல் உலகில் வேறெங்கும் இருப்பது அரிது. நிலம் சமதரை என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்துக்கு ஒரு துயர வரலாறு உண்டு. 1971 ஆம் ஆண்டில் ஒல்லாந்து வீதி விபத்துகளில் 400 க்கு மேற்பட்ட சிறுவர்கள் மாண்டனர். பள்ளிக்குச் சென்ற தன் மகளை அவ்வாறு இழந்த பத்திரிகையாளர் ஒருவர் 1972 இல் எழுதிய கட்டுரை 'சிறுவர் கொலையை நிறுத்துக' என்னும் இயக்கமாக வளர்ந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் வீதிகளை மறித்தனர். அதனோடு எரிபொருள் நெருக்கடியும் சேர, அரசு பிற்காலத்தில் மோட்டாரினின்று பிரித்த சைக்கிட் பாதைகளை நாடெங்கும் அமைத்தது. ஒல்லாந்துப் பிள்ளை கனத்த வண்டியிலும் தயங்காது ஏறுவதற்கு அப்பாதையே துணை. ஐந்தரைக் கிலோ வண்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு, லொறிகள் பாயும் வீதிக்கு அஞ்சி அதை வீட்டு முற்றத்திலேயே பூட்டி வைக்கும் தகப்பன், 400 யூரோவுக்கு ஓர் அலங்காரப் பொருளையே வாங்கியவன் ஆகிறான்.

ஆகவே எவருக்கு அவ்விலை தகும்? மேடான ஊரில் இருப்பவருக்கு. படியேறித் தூக்கிவைக்கும் மாடிவீட்டாருக்கு. நாள்தோறும் ஓடப் பாதுகாப்பான பாதை உள்ள பிள்ளைக்கு. பின்னே தம்பி தங்கையர் உள்ள வீட்டுக்கு. அல்லது, உடல் மெலிந்து சிறுத்து, பெரிய வண்டியைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு. இவற்றுள் ஒன்றும் இல்லாதவர், உள்ளூரிலே பழைய வண்டி ஒன்றை அளவறிந்து வாங்கி, நல்ல பிறேக்கும் சரியான ரயர்க் காற்றும் பார்த்துக்கொள்வதாற் பெரிதாக ஒன்றையும் இழக்கமாட்டார். பதினாறங்குல வண்டியின் எடை ஏழு கிலோவுக்கு உட்பட்டதாயின் பழகும் பிள்ளைக்கு அது போதும். அதற்கும் கீழே ஒவ்வொரு நூறு கிராமையும் குறைப்பதற்குப் பல மடங்கு விலை கேட்கும் கரிநாரிழை வண்டிகள் உண்டு. பந்தயவீரனாகிய தகப்பனின் ஆசைக்கே அவை செய்யப்படுகின்றன. முன்னொரு காலத்துப் பெற்றோல் தாங்கிக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு, அது சிறுவனின் கண்ணை மயக்கியது. இவை தகப்பனின் கண்ணை மயக்குகின்றன.

கொரோனாத் தொற்றுக் காலத்திலே ஐரோப்பாவிற் சைக்கிளுக்குப் பெருந்தேவை எழுந்து, தொற்று ஓய்ந்ததும் அது சரிந்தது. 2023 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ஐலாபைக்ஸ் புதிய வண்டிகள் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. உதிரிப் பாகங்கள் மாத்திரம் தொடர்ந்து கிடைக்கும் என்றது. செய்யப்பட்ட வண்டிகள் இன்னும் இங்கிலாந்தின் வீடுகளிலே கைமாறிக்கொண்டிருக்கின்றன. மூன்றாவது நான்காவது பிள்ளையைச் சுமப்பவையும் அவற்றுள் உள. நிறம் மங்கியிருக்கும், கைபிடியின் இறப்பர் தேய்ந்திருக்கும், ரயரும் சங்கிலியும் புதியனவாக இருக்கும். விற்பவர் முதலில் கேட்பது பிள்ளையின் வயதையன்று, காலின் நீளத்தை.